இண்டைக்கு ஆர் சாப்பிடேல்லை?

பிள்ளையள், புதுசா வேலைக்கு வந்திருக்கிறியள். வெள்ளைக் கோட்டு, தலையில வலைத்தொப்பி, கையில தெர்மாமீற்றர், எல்லாம் வடிவாத்தான் கிடக்கு. எந்த மெஷினை எப்ப நிப்பாட்டுறது, எந்த இலக்கம் வந்தால் ஆருக்குப் போன் பண்ணுறது எண்டெல்லாம் உங்களுக்குப் படிப்பிச்சிருப்பினம். அதை நான் திருப்பிச் சொல்லி உங்களுக்கு நித்திரை வரப்பண்ண மாட்டன். நான் கனகாலம் சாப்பாட்டு ஃபக்டரியளில தரம் பார்த்துச் சம்பளம் வாங்கினனான். ஓய்வெடுத்த பிறகும் சில நாள் காலமை கண் முழிக்கேக்க நெஞ்சு பதகளிக்கும், எங்கேயோ ஒரு போத்தலைக் கவனியாமல் விட்டிட்டன் எண்டு. அந்தப் பதகளிப்பை எனக்குத் தந்தது ஒரு மனிசி. புண்ணியவதி அவ. அந்தப் பதகளிப்பு இல்லாட்டி இந்த வேலைக்கு நீங்கள் சரிவர மாட்டியள், அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்.

அவ நைஜீரியாவில இருந்து வந்தவ. டென்மார்க்கில, ஒடென்சே எண்ட ஊர்ப் பல்கலைக்கழகத்தில படிப்பிச்சவ. சாப்பாட்டுக்குள்ள வளருற கிருமியள்தான் அவவின்ர ஆராய்ச்சி. நான் சொல்லுறது எண்பதுகளின்ர நடுப்பகுதி, நாங்கள் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு இஞ்ச வந்து இறங்கின புதுசு. அந்த நேரம் அவ படிப்பிக்கிற வேலையைப் பாதியாக் குறைச்சு, வீட்டைப் பாங்கில ஈடு வைச்சு, கைவிட்ட பேக்கரி ஒண்டை வாடகைக்கு எடுத்திருந்தா. கச்சான் கடலையும் சிவப்பு மிளகாயும் வெங்காயமும் போட்டு ஒரு சோஸ் காய்ச்சி, போத்தலில அடைச்சு விக்கிறது. டேனிஷ்காரர் ஒரு கரண்டி வாயில வைச்சிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு ரண்டாம் கரண்டி கேப்பினம்.

அவவின்ர பேரை நான் சொல்லமாட்டன், அவவுக்கு அது பிடியாது. அவவின்ர ஊரில முதலாளிப் பொம்பிளையளை 'மடம்' எண்டுதான் கூப்பிடுறதாம். நாங்களும் அப்பிடியே கூப்பிட்டம். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் நாள் வாசலில நிண்ட ஒராள் அவவைக் கிளீனிங்குக்கு வந்த பொம்பிளை எண்டு நினைச்சு, வாளி இருக்கிற அறையைக் காட்டிவிட்டானாம். "நான் வாளியையும் தூக்கிக்கொண்டு போய் வகுப்பு மேசையில வைச்சிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினனான்" எண்டு சொல்லிச் சிரிப்பா. அந்தச் சிரிப்புக்கு அடுக்கி வைச்ச போத்தல் எல்லாம் கிலுங்கும்.

கீழ சமையலறையில நிண்டது பூரணம் அக்காவும் அவவின்ர மச்சாளும். ரண்டு பேரும் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெட்டை. எனக்கு இங்கிலீஷ் ஓடும் எண்டபடியால் மேல் மாடியில போனும் லேபலும் என்ர பொறுப்பு. அக்காவுக்கு டேனிஷில தெரிஞ்சது விரல் விட்டு எண்ணுற சொல்லு. அதில ஆகப் பாவிச்சது 'யா'. ஓம் எண்டு அர்த்தம். மடம் என்ன கேட்டாலும் யா, பஸ்காரன் கேட்டாலும் யா, மொழி வகுப்பு ரீச்சர் கேட்டாலும் யா. நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் இருந்தனாங்கள். இருக்கவிட்ட நாட்டில ஆருக்கும் இல்லை எண்டு சொல்ல நாக்கு எழும்பாது.

சோஸுக்கு உயிர் வினாகிரி. அதை மட்டும் மறவாதேங்கோ எண்டு மடம் படிச்சுப் படிச்சுச் சொன்னவ. புளிப்பு இல்லாமல் மூடின போத்தலுக்குள்ள ஒரு நஞ்சு வளருமாம். மணக்காது, நிறம் மாறாது, ருசியிலயும் பிடிபடாது. கடைத் தட்டில இருக்க இருக்க வளர்ந்து, திண்டவையின்ர மூச்சை நிப்பாட்டிப்போடுமாம். அதால சோஸ் காய்ச்சிற ஒவ்வொரு கிடாரத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் கான் வினாகிரி. புளிப்பு அளக்கிற கருவி அந்த மாதம் பழுதாகி, திருத்தக் குடுத்துக் கிடந்தது. அது வருமட்டும் மடம் ஒரு சட்டம் போட்டா: ஒவ்வொரு கிடாரமும் இறக்க முன்னம் ரண்டு நாக்கு ருசி பார்க்கவேணும். ஒண்டு அக்கா, மற்றது மச்சாள். அக்காவின்ர நாக்கு எந்தக் கருவியையும் வெல்லும் எண்டு மடத்துக்கு ஒரே பெருமை.

அந்த நேரம்தான் எங்களுக்கு முதல் பெரிய ஓடர் வந்தது. ஜூட்லாந்துப் பக்கம் முழுக்கக் கடை வைச்சிருக்கிற ஒரு கொம்பனி. சாமானை ஹோர்சன்ஸில இருக்கிற அவையின்ர களஞ்சியத்தில குடுத்தால், திங்கள் விடிய லொறியள் கடை கடையாக் கொண்டுபோகும். அந்த ஓடர் சரிவந்தால் வீடு மீளும், சரிவராட்டி வீடும் இல்லை, பேக்கரியும் இல்லை. கிழமை முழுக்கக் காய்ச்சி, வெள்ளிக்கிழமை பெட்டியெல்லாம் ஏத்தி அனுப்பியாச்சு.

சனிக்கிழமை காலமை கழுவித் துடைக்கப் போனம். மத்தியானம் ஆகேக்க மடம் சமையலறைக் கதவை இழுத்தா. கதவுக்குப் பின்னால ஒரு கான் வினாகிரி நிண்டது. மூடி உடைக்கேல்லை. நிறை கான்.

அவ அதைத் தூக்கிப் பார்த்தா, கீழ வைச்சா, திருப்பியும் தூக்கிப் பார்த்தா. கிடாரக் கணக்குக்குத்தான் வினாகிரி எடுக்கிறது, மிஞ்ச ஏலாது. ஒண்டில் ஒரு கிடாரத்துக்கு ஊத்தேல்லை, இல்லாட்டி சாமான்காரன் ஒரு கான் கூடப் போட்டிட்டுப் போயிருக்கிறான். அவனுக்குப் போன் பண்ணினால் மணி அடிக்குது, ஆர் எடுக்கிறது? அந்த நாளையில சனிக்கிழமை மத்தியானத்தோட டென்மார்க்கே கதவைப் பூட்டிப்போடும். திங்கள் அவன் கடை திறக்க முன்னம் லொறியள் வெளிக்கிட்டிடும். 

"அக்காவைக் கேளும், எல்லாத்துக்கும் ஊத்தினவவோ?" எண்டு மடம் என்னட்டைச் சொன்னா. நான் கேட்டன். அக்கா கண்ணை மூடி யோசிச்சா. "ஊத்தின மாதிரித்தான் கிடக்கு பிள்ளை. வியாழக்கிழமை சாமான் வந்து இறங்கினதில எல்லாம் ஒரே குழப்பம். ஒவ்வொரு நாளும் செய்யிறது, எதை எண்டு ஞாபகம் வைக்கிறது?" அக்கா சொன்னது முழு உண்மை. நேற்று வீட்டுக் கதவைப் பூட்டினனியளோ எண்டு கேட்டால் உங்களுக்கும் கை பூட்டினது ஞாபகம் வராது.

"அப்ப ருசி? எல்லாக் கிடாரமும் ருசி பார்த்ததுதானே?" மடம் இதை நேர டேனிஷில அக்காவைக் கேட்டா.

"யா" எண்டா அக்கா. மச்சாளும் தலையாட்டினா.

மடம் அப்பிடியே கதிரையில இருந்திட்டா. நெஞ்சில கை வைச்சு ஒரு பெரிய மூச்சு. ருசி பார்த்திருந்தால் புளிப்பு இல்லாதது அக்காவின்ர நாக்குக்குத் தப்பாது. அப்ப சாமான்காரன்தான் கூடப் போட்டிருக்கிறான், முடிஞ்சுது கதை. எனக்கும் உயிர் வந்தது. மடம் எழும்பி, தானே கேக் வெட்டி, கோப்பி ஊத்தி எல்லாருக்கும் நீட்டினா. நான் எடுத்தன். அக்கா கையைக் கும்பிடுறமாதிரி வைச்சு வேண்டாம் எண்டா. மச்சாளும் வேண்டாம் எண்டா.

மடத்தின்ர கை அந்தரத்தில நிண்டது. அக்காவின்ர காய்ஞ்ச சொண்டைப் பார்த்தா, குழிஞ்ச கண்ணைப் பார்த்தா. பிறகு மெல்லமா என்னட்டைக் கேட்டா, "இவை இந்தக் கிழமை சாப்பிடுறேல்லையோ?"

"கந்தசட்டி மடம். முருகனுக்கு விரதம். பின்னேரத்தில கொஞ்சம் பால் மட்டும். சூரன்போர் முடியுமட்டும் அப்பிடித்தான்."

மடத்தின்ர வீட்டில பாதிப் பேர் கிறிஸ்தவர், பாதிப் பேர் முஸ்லிம். அவவுக்கு விரதம் எண்டால் புதுசில்லை. "எங்கட வீட்டில நோன்பு காலத்தில சமைக்கிறவை நுனி நாக்கில தொட்டுப் பார்த்திட்டுத் துப்பிவிடுவினம். உங்கட ஆக்கள் என்ன செய்வினம்? அக்காவைக் கேளும்" எண்டா.

நான் கேக்கவே தேவையில்லை. அக்காவின்ர முகம் செத்துப்போச்சு. விரதம் இருக்கிற சைவப் பொம்பிளை வாயில ஒண்டும் வைக்கமாட்டா. துப்பினாலும் விரதம் முறிஞ்சது முறிஞ்சதுதான். படைக்கிற சமையலையே மணத்திலயும் கொதியிலயும்தான் பார்த்து இறக்குவினம், நாக்கில வைக்கிற பழக்கமே இல்லை. அக்கா சோஸையும் அப்பிடித்தான் இறக்கியிருக்கிறா. வினாகிரி மணம் அந்தச் சமையலறைச் சுவரிலயே ஊறிக் கிடக்குது, மூக்குக்கு என்ன தெரியும்?

அக்கா என்ர கையைப் பிடிச்சா. "பிள்ளை, பார்த்தது எண்டே சொல்லிவிடு. அந்த மனிசி வீட்டை வைச்செல்லோ இதை நடத்துது. நான் பார்க்கேல்லை எண்டால் எல்லாம் போச்சு. முருகன் ஒரு குறையும் வரவிடமாட்டான்."

பிள்ளையள், அந்த இடத்தில உங்களை வைச்சுப் பாருங்கோ. மடம் என்ர வாயைப் பார்த்துக்கொண்டு நிக்கிறா. அக்கா என்ர கையை நெரிக்கிறா. ஒரு சின்ன ஓம், அவ்வளவும்தான். வீடு தப்பும், அக்காவின்ர வேலை தப்பும், என்ர வேலையும் தப்பும். எங்கேயோ ஒரு கடைத் தட்டில ஒரு போத்தல் இருக்கோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்?  மாதாவே எண்டு மனசுக்குள்ள கத்தினன். 

"அவ என்ன சொல்லுறா?" எண்டா மடம். கோவம் இல்லாத குரல். பிறகு அவ எங்கள் ரண்டு பேரையும் பார்த்துச் சொன்னதை நான் அக்காவுக்குத் தமிழில சொன்னன்: "பிழை என்னில. நான் நாக்கை வேலைக்கு எடுத்தனான், அந்த நாக்குக்கு எது விலக்கு எண்டு கேக்கேல்லை. அதால ஆரையும் வேலையால நிப்பாட்டமாட்டன். எனக்கு இப்ப வேண்டியது ஒண்டுதான். ருசி பார்த்ததோ?"

அக்கா என்ர கையை விட்டா. சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சா. மடத்தை நேராப் பார்த்து, டேனிஷில, அதுவரைக்கும் அவவின்ர வாயில நான் கேட்டிராத சொல்லைச் சொன்னா.

"நை."

இல்லை எண்டு அர்த்தம். மச்சாள் விம்மத் தொடங்கினா.

 மடம் நேர மேல் மாடிக்கு ஏறிப் போய் களஞ்சியப் பொறுப்பாளரின்ர வீட்டுக்குப் போன் பண்ணினா. அந்த மனிசன் ஞாயிற்றுக்கிழமை வந்து கதவைத் திறக்க ஒத்துக்கொண்டான், ஆனால் குரலில சலிப்பு. மறுநாள் மடத்தின்ர பழைய வானில நானும் அவவும் வெளிக்கிட்டம். ஜூட்லாந்துக்குக் கடக்கிற கடல் பாலத்தில காத்து வானைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மடத்தின்ர ஓட்டம் வழக்கத்திலயே பயங்கரம், அண்டைக்கு நான் செபமாலையை விடேல்லை. அவ வழி முழுக்க ஒரே கேள்வியைத் தனக்குள்ள கேட்டுக்கொண்டு வந்தா, "எந்தக் கிடாரம்? எந்தக் கிடாரம்?" போத்தலில கிழமைதான் அடிச்சிருந்தது, கிடார இலக்கம் அடிக்கேல்லை. எல்லாம் கலந்து பெட்டிக்குள்ள போயிட்டுது. இப்ப நீங்கள் ஒவ்வொரு போத்தலிலயும் அடிக்கிறியளே, அது சும்மா வந்ததில்லை.

களஞ்சியத்தில பெட்டியள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. பல்கலைக்கழகத்தில இருந்து மடம் புளிப்புப் பார்க்கிற கடதாசி கொண்டு வந்திருந்தா; நாக்கை நம்பின பெருமையில இது முதலே ஞாபகம் வரேல்லை எண்டு தன்னைத்தானே பேசினா. அங்க ஒரு பெட்டி, இஞ்ச ஒரு பெட்டி எண்டு எடுத்து, போத்தலைத் திறந்து கடதாசியைத் தோய்ச்சம். சரி. அடுத்ததும் சரி. அதுக்கடுத்ததும் சரி. எனக்குச் சந்தோசத்தில அழுகை வரப்பாத்தது. பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நிண்டவன், சிரிச்சான். "பாருங்கோ, ஒண்டும் இல்லை. வீணாப் பயந்து என்ர ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துப்போட்டியள். விடியப் போகட்டும், விடுங்கோ."

நானும் விடுங்கோ மடம் எண்டு சொல்ல வாயெடுத்தன். அவ திறந்த போத்தல்களைப் பார்க்கேல்லை. திறக்காத பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிண்டா.

"நான் திறந்த போத்தலை ஆரும் சாப்பிடப்போறேல்லை. திறக்காததைத்தான் சாப்பிடப்போயினம்" எண்டா.

"எல்லாத்தையும் திறந்தால் விக்க ஒண்டும் மிஞ்சாதே!"

"ஓம்" எண்டா மடம். "அப்ப எல்லாத்தையும் தாங்கோ."

அவன் அவவை ஏறிட்டுப் பார்த்தான். இப்பிடிச் செய்தால் தங்கட கொம்பனி இனி உங்களிட்டை ஒரு போத்தலும் வாங்காது எண்டு சொன்னான். வெருட்டாகச் சொல்லேல்லை, பாவத்திலதான் சொன்னான்.  மடம் புளிப்புக் கடதாசியைக் கோட்டுப் பைக்குள்ள வைச்சிட்டு, "தெரியும். பெட்டியளை எடுங்கோ" எண்டா. அதுக்குப் பிறகு அந்த மனிசனும் கோட்டைக் கழட்டிப்போட்டு எங்களோட சேர்ந்து தூக்கினான். வான் பலதரம் ஓடவேண்டிக் கிடந்தது. முழுச் சோஸும் அழிச்சாச்சு.

இப்ப உங்களுக்கு ஒண்டு தெரியவேணும் போல கிடக்கும். நஞ்சுப் போத்தல் இருந்ததோ? தெரியாது. திங்கள் சாமான்காரனைக் கேட்டதுக்கு, கூடப் போட்டனோ என்னவோ, ஞாபகமில்லை எண்டிட்டான். இண்டைவரைக்கும் தெரியாது. இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தனான் பிள்ளையள். இந்த வேலையில நீங்கள் சரியா முடிவெடுத்தால், சரி எண்டதுக்கு ஒரு அத்தாட்சியும் கிடையாது. ஒருத்தரும் சாகேல்லை, அவ்வளவும்தான். அதுக்கு ஆரும் கைதட்டமாட்டினம். வீணாய்ப் பயந்தவள் எண்டு சிரிப்பினம். சிரிச்சால் சிரிக்கட்டும். அப்பிடிச் சிரிப்புக்கு முகம் குடுக்க ஏலாதவை இப்பவே கோட்டைக் கழட்டி வைச்சிட்டு வேற வேலை பாருங்கோ.

ஓடர் போச்சு. நத்தாருக்கு முன்னம் பேக்கரியை மூடிப்போட்டம். வீட்டை வித்து மடம் ஒரு சின்ன அறைக்குப் போனா. எனக்கும் அக்காவுக்கும் மச்சாளுக்கும் வேற வேலை தேடித் தந்திட்டுத்தான் அவ தன்ர சாமானைக் கட்டினவ. திரும்ப முழுநேரமாப் படிப்பிச்சு, கடனைத் தீர்த்து, சில வருசத்தால நைஜீரியாவுக்குப் போயிட்டா. அங்க திரும்பவும் அதே சோஸை ஒரு ஃபக்டரி வைச்சுக் காய்ச்சினதாயும், பக்கத்திலயே பொம்பிளையளுக்கு இந்தத் தொழிலைப் படிப்பிக்க ஒரு இடம் துவங்கினதாயும் கடிதத்தில அறிஞ்சன். பிறகு ஒருநாள் அவவின்ர மகளிட்டை இருந்து சாவுச் செய்தி வந்தது. அண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்லை.

அவவிட்டை நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. எந்த ஃபக்டரியில நிண்டாலும், காலமை வேலை தொடங்க முன்னம் எல்லாரையும் பார்த்துக் கேப்பன்: "இண்டைக்கு ஆர் சாப்பிடேல்லை?" கந்தசட்டியோ, நோன்போ, தவசுகாலமோ, சும்மா மெலியிறதுக்கோ, எனக்கு அது தேவையில்லை. சாப்பிடாதவருக்கு ருசி பார்க்கிற வேலை இல்லை, அதால அவருக்கு ஒரு குறையும் இல்லை. டேனிஷ்காரர் என்னை விசர் எண்டு நினைச்சவை. நினைக்கட்டும்.

நான் ஓய்வெடுக்கிற வருசம் ஹோர்சன்ஸில ஒரு ஃபக்டரியில நிண்டன். நைஜீரியாவில இருந்து ஒரு பிள்ளை பயிற்சிக்கு வந்திருந்தாள், சுறுசுறுப்பானவள். முதல் சில நாள் பின்னேர வேலையில நிண்டவள், முதல்தரம் காலமைக்கு வந்த அண்டைக்கு வேலையைத் தொடங்கி வைக்கிற பொறுப்பை அவளிட்டைக் குடுத்தன். புதுசா வந்த அவள், என்ர வாயால அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டிராதவள், முன்னுக்கு வந்து நிண்டு இங்கிலீஷில கேட்டாள், இண்டைக்கு ஆர் சாப்பிடேல்லை எண்டு.

எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. "இதை எங்க பிள்ளை பழகினனீர்?"

"எங்கட பக்கத்தில சாப்பாட்டுத் தொழில் படிச்ச எல்லாரும் கேக்கிறது. என்ர ரீச்சருக்கு அவவின்ர ரீச்சர் சொல்லிக் குடுத்தவ. டென்மார்க்கில ஒரு அம்மா 'இல்லை' எண்டு ஒரு சொல்லுச் சொன்னவவாம். அதால ஒரு கொம்பனியே மூடுப்பட்டதாம். தன்ர சீவியத்தில கேட்ட ஆகப் பெரிய துணிவான சொல்லு அதுதான் எண்டு பெரிய ரீச்சர் ஒவ்வொரு வகுப்பிலயும் சொல்லுவாவாம். அந்த அம்மாவின்ர பேர்தான் ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். அண்டைக்கு வேலை முடிய முன்னமே நான் ஹ்விடோவ்ரேக்குப் போன் பண்ணினன். பூரணம் அக்கா அங்க மகனோட இருந்தவ. இவ்வளவு காலமும், மடத்தின்ர பேச்சு எடுத்தால் அக்கா கதையை மாத்திப்போடுவா. ஒருக்கா மட்டும் வாய் விட்டுச் சொன்னவ, "அந்த மனிசியின்ர வயித்தில அடிச்சவள் நான்" எண்டு.

நான் எல்லாத்தையும் ஒரு மூச்சில சொன்னன்.  

"பிள்ளை" எண்டா அக்கா.  "அப்ப அவவுக்கு என்னில கோவம் இருந்ததில்லையோ?"

"நை, அக்கா" எண்டன்.

அவ அழத் தொடங்கினா. அழுது முடியுமட்டும் நான் போனை வைக்கேல்லை.